நுரையீரல் ஆபரேஷன் முடிந்த மனைவிக்கோ கணவருக்கோ துணை இருக்கப் போகிறீர்களா?

என் மனைவிக்கு இடது நுரையீரலின் கீழ் மடலை எடுத்தார்கள். 17 வயதில் வந்த காசநோய் மாத்திரையில் போய்விட்டது. அது விட்டுப்போன தழும்பு போகவில்லை. அந்த இடத்து மூச்சுக்குழாய்கள் தளர்ந்து விரிந்து, சளி தேங்கி, கடைசி இரண்டு வருஷம் இருமினால் ரத்தம் வந்தது. மருந்துக்கு அடங்காமல் போனபோது கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் விலாவைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். மொத்தம் 11 நாள் இருந்தோம். அதற்கு முன் நான் யாருக்கும் அட்டெண்டராக இருந்ததில்லை. அந்த 11 நாளில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை, அடுத்து அந்த வார்டுக்குள் நுழையப் போகிறவருக்காக எழுதுகிறேன். உங்கள் டாக்டர் சொல்வது இதிலிருந்து மாறினால் டாக்டர் சொல்வதையே கேளுங்கள். நெஞ்சு ஆபரேஷன் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் ஆனவரை அசையவிடாமல் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்வதுதான் பாசம் என்று நமக்குப் பழக்கம். இந்த ஆபரேஷனுக்கு அது ஒத்துவராது. படுத்தே கிடந்தால் மிச்சமிருக்கும் நுரையீரல் விரியாது, அடியில் சளி கட்டும், காய்ச்சல் வரும், நிமோனியாவில் கொண்டுபோய் விடும். வலியில் இருப்பவரை உட்காரவைத்து, மூச்சு இழுக்கவைத்து, இருமவைத்து, நடக்கவைப்பதுதான் கூட இருப்பவரின் வேலை. கீழே எழுதியிருப்பதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

ஆபரேஷனுக்கு முன்பே

வீட்டில் யாருக்கும் இருக்கும் முதல் பயம், நுரையீரலை வெட்டி எடுத்துவிட்டால் மனுஷி எப்படிப் பிழைப்பாள் என்பது. என் மாமியார் இரண்டு நாள் சாப்பிடவில்லை. வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு, மொத்தம் ஐந்து. அதில் ஒன்றைத்தான் எடுக்கிறார்கள் என்று டாக்டர் தாளில் வரைந்து காட்டிய பிறகுதான் கொஞ்சம் தெளிந்தார். ஒரு பக்கம் முழுதையும் எடுத்தவர்களே வாழ்கிறார்கள். 1933இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஈவார்ட்ஸ் கிரகாம் என்ற சர்ஜன் புற்றுநோய்க்காக ஒருவரின் இடது நுரையீரலை முழுதாக எடுத்தார். அந்த நோயாளியும் ஒரு டாக்டர்தான். அதன்பின் ஏறக்குறைய 30 வருஷம் இருந்தார். நீண்ட நாள் புகைத்த கிரகாமோ 1957இல் நுரையீரல் புற்றுநோயிலேயே இறந்துபோனார். பயப்படும் சொந்தக்காரர்களிடம் நான் இதைத்தான் சொன்னேன்.

உங்கள் துணை புகைப்பவர் என்றால் ஆபரேஷன் தேதி குறித்த அன்றே நிறுத்தவையுங்கள். ஒவ்வொரு நாளும் கணக்குத்தான். தனியாக முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் நிறுத்துவதற்கு வழி சொல்கிறார்கள்.

அடுத்தது காப்பீடு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட வருமானமுள்ள குடும்பத்துக்கு 5 லட்சம் வரை வழி இருக்கிறது. அட்மிஷன் ஆனபிறகு ஓடாதீர்கள். ஆஸ்பத்திரியிலேயே காப்பீட்டுக்கென்று ஒரு கவுண்டர் இருக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த அன்றே அங்கே போய், இந்த ஆபரேஷன் திட்டத்தில் வருமா, முன் அனுமதிக்கு என்னென்ன வேண்டும் என்று கேளுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை, சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் ஐந்தைந்து ஜெராக்ஸ் ஒரு கவரில் போட்டு வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

மனைவிக்குத் துணை இருக்கும் கணவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்டு வைக்க வேண்டும். பெண்கள் பொது வார்டில் ராத்திரி ஆண்களை விடமாட்டார்கள். எனக்கு இது அட்மிஷன் ஆன சாயங்காலம்தான் தெரிந்தது. கொழுந்தியா பல்லடத்திலிருந்து கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தார். ராத்திரிக்கு யார் என்பதை முன்பே முடிவு செய்து, அவருக்கும் கீழே சொல்லப்போகும் பாட்டில் விஷயத்தை விளக்கி வையுங்கள்.

நகையையும் முன்பே கழற்றுங்கள். மூக்குத்தித் திருகு வருஷக்கணக்கில் இறுகியிருக்கும்; ஆபரேஷன் அன்று காலையில் அதோடு மல்லுக்கட்ட முடியாது. ஒரு வாரம் முன்பே ஆசாரியிடம் போய்க் கழற்றிவிட்டோம். மெட்டி சோப்புத் தண்ணீரில் வந்துவிடும். தாலிதான் மனசைப் பிசைந்தது. தங்கத்தைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டிப் போட்டுக்கொள்ளலாமா என்று சிஸ்டரிடம் கேட்டோம், சரி என்றார்கள். கேட்டுப் பாருங்கள். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி அதனால் தப்பாகக் காட்டும்.

பையில் எதை வைக்கிறீர்களோ இல்லையோ, முன்பக்கம் முழுதும் திறக்கும் நைட்டி நாலு வையுங்கள், ஒரு சைஸ் பெரிதாக. தலைவழியாகப் போடுவதற்குக் கை மேலே போகாது. ஆண்களுக்குத் தொளதொள சட்டை. கூடவே கெட்டியான சின்னத் தலையணை ஒன்று, வளையும் ஸ்ட்ரா, மூடியுள்ள எச்சில் டப்பா, வழுக்காத செருப்பு, பிளாஸ்க், மூக்குக்கண்ணாடி, ஒரு நோட்டும் பேனாவும். பொட்டலம் பொட்டலமாகப் பலகாரம் வேண்டாம்.

இன்னொன்று: மூச்சுப் பயிற்சிக் கருவியை (மூன்று பந்து வைத்த ஸ்பைரோமீட்டர்) ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி, வீட்டிலேயே பழகச் சொல்லுங்கள். மருந்து மயக்கத்தில், வலியில், புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள யாராலும் முடியாது.

ஐசியூவில் முதல் பார்வை

ஆபரேஷன் அன்று மாலை ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். மூக்கில் ஆக்சிஜன், கழுத்தில் ஊசிக்குழாய், முதுகில் வலி மருந்துக்கு மெல்லிய குழாய், சிறுநீருக்கு ஒரு டியூப், விலாவிலிருந்து இரண்டு தடித்த டியூப். முகம் வீங்கியிருந்தது. இவையெல்லாம் இருக்கும் என்று முன்பே தெரிந்தால் உங்கள் கால் நடுங்காது. அவர் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். "ஆபரேஷன் முடிஞ்சுதும்மா, மணி ஆறு ஆச்சு, நான் வெளியிலதான் இருக்கேன்" என்ற மூன்று சேதி போதும். பதில் பேசவைக்க வேண்டாம். தொண்டைக்குள் குழாய் போட்டதில் குரல் கம்மியிருக்கும். குரல் நாள்கணக்கில் தேறாமல் போனாலோ, தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் புரையேறினாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். குரல் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், பார்ப்பார்கள்.

பாட்டில்

வார்டுக்கு மாற்றியதும் உங்கள் கண் போக வேண்டிய முதல் இடம் கட்டிலுக்குக் கீழே இருக்கும் பாட்டில். ஐசிடி பாட்டில் என்பார்கள். நெஞ்சுக்கூட்டுக்குள் தங்கிய காற்றையும் நீரையும் டியூப் இதற்குள் கொண்டுவரும். பாட்டிலுக்குள் டியூப்பின் நுனி சுமார் 2 சென்டிமீட்டர் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். உள்ளிருந்து காற்று குமிழியாக வெளியே வந்துவிடும். வெளிக்காற்று உள்ளே போக முடியாது. அந்தத் தண்ணீர்தான் கதவு.

சும்மா பத்து நிமிஷம் அதைப் பாருங்கள். அவர் மூச்சை இழுத்தால் டியூப்புக்குள் தண்ணீர் மேலே ஏறும், விட்டால் இறங்கும். இருமினால் குமிழி கிளம்பும். முதல் இரண்டு மூன்று நாள் குமிழி வருவது பெரும்பாலும் வெட்டிய இடத்திலிருந்து காற்று கசிவதால். நாளாக நாளாகக் குறையும். ஏறி இறங்கிக்கொண்டிருந்த தண்ணீர் திடீரென்று அசையாமல் நின்றால், டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா, அவர் அதன்மேல் படுத்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள். நுரையீரல் நன்றாக விரிந்து ஒட்டிக்கொண்டாலும் அசைவு நிற்கும், அடைத்துக்கொண்டாலும் நிற்கும். எது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே இருக்க வேண்டும். உட்கார்ந்தாலும், நடந்தாலும், எக்ஸ்ரேவுக்குப் போனாலும் அப்படித்தான். இரண்டாம் நாள் ஸ்ட்ரெச்சர் தள்ள வந்தவர் அவசரத்தில் பாட்டிலைத் தூக்கி என் மனைவியின் வயிற்றின்மேல் வைத்துவிட்டார். சிவந்த நீர் டியூப்புக்குள் திரும்பி ஏறுவதை என் கண்ணால் பார்த்தேன். பிடுங்கிக் கையில் தொங்கவிட்டுக்கொண்டே லிஃப்ட் வரை நடந்தேன். அன்றிலிருந்து பாட்டிலை நானோ கொழுந்தியாவோ தவிர வேறு யாரும் தூக்கவில்லை. நகர்த்தும்போது டியூப்பைக் கிளிப் போட்டு அடைக்கலாமா என்று யாராவது கேட்டால், டாக்டர் சொன்னாரா என்று திருப்பிக் கேளுங்கள். காற்று கசிகிற நேரத்தில் அடைத்தால் அது உள்ளேயே சிக்கி மூச்சு முட்டும்.

பாட்டில் சாய்ந்துவிட்டால் உடனே நிமிர்த்திவைத்து சிஸ்டரைக் கூப்பிடுங்கள். டியூப்பே விலாவிலிருந்து வெளியே வந்துவிட்டால் அந்தத் துளையைக் கையாலோ துணியாலோ அழுத்திப் பிடித்தபடி சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். ஓடிப்போய்க் கூப்பிட வேண்டாம்.

நோட்டில் காலையும் மாலையும் பாட்டிலின் அளவுக்கோட்டைப் பார்த்து எழுதுங்கள், நிறத்தோடு. முதல் நாள் சிவப்பு, பிறகு ரோஜா நிறம், பிறகு வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி மஞ்சள். இந்த வரிசையில் போனால் நல்லது. மஞ்சளாகிவிட்ட பிறகு திரும்பச் சிவந்தாலோ, ஒரு மணி நேரத்துக்குள் 100 மில்லிக்கு மேல் ரத்தமாக இறங்கினாலோ, சாப்பிட ஆரம்பித்தபின் பால் மாதிரி வெள்ளையாக வந்தாலோ, டாக்டர் அடுத்த ரவுண்ட்ஸ் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

ஒரு பக்க நுரையீரலை முழுதாக எடுத்தவர்களுக்கு மட்டும் இந்த விதிகள் வேறு. டியூப் அடைத்தே இருக்கலாம். எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கலாம் என்பதிலும் கண்டிப்பு இருக்கும். அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூச்சு, இருமல்

மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவியை எல்லோரும் "பந்து ஊதறது" என்றுதான் சொல்கிறோம். அந்தப் பேரே தப்பாகச் செய்யவைத்துவிடுகிறது. ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, முதலில் மூச்சை முழுதும் வெளியே விட்டு, குழாயை உதட்டால் இறுகக் கவ்வி, இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுவது மாதிரி மெதுவாக இழுக்க வேண்டும். பந்து மேலே போனதும் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும்வரை நிறுத்தி, பிறகு குழாயை எடுத்துவிட்டு மூச்சை விட வேண்டும். எங்களுக்குச் சொன்ன கணக்கு, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் 10 தடவை. ஒரேயடியாகச் செய்தால் தலை சுற்றும்; இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி சாதாரணமாக மூச்சுவிடச் சொல்லுங்கள்.

முதல் நாள் என் மனைவிக்கு முதல் பந்து அடியிலேயே நடுங்கிக்கொண்டிருந்தது, எழும்பவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு இரண்டு பந்து போவதைப் பார்த்து இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்தவரோடு ஒப்பிட வேண்டாம். நேற்றைக்கு இன்றைக்கு எவ்வளவு என்பதுதான் கணக்கு. நான்காம் நாள் முதல் பந்து நின்றது, இரண்டாவது பாதி ஏறியது. அதை நோட்டில் எழுதி அவளிடமே காட்டினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் ஒரு தப்பு செய்தேன். "ஏனுங்க, ரொம்ப அசதியா இருக்குதுங்க, சாயங்காலம் பண்ணிக்கறேனுங்க" என்றாள். ராத்திரி பூரா தூங்காதவள். பாவமாக இருந்தது, போர்த்திப் படுக்கவிட்டேன். ஐந்து மணி நேரம் தூங்கினாள், நானும் எழுப்பவில்லை. ராத்திரி காய்ச்சல் 101 ஆனது. ட்யூட்டி டாக்டர் முதுகில் வைத்துக் கேட்டுவிட்டு, அடியில் காற்று போகவில்லை, சளி அடைத்திருக்கிறது என்றார். பிசியோ (பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட்) வந்து முதுகைத் தட்டி, உட்காரவைத்து, அரை மணி நேரம் இருமவைத்தார். அந்த அரை மணி நேரம் அவள் பட்ட வலி, நான் மத்தியானம் எழுப்பியிருந்தால் பட்டிருக்கக்கூடியதைவிடப் பல மடங்கு. அதன்பின் போனில் மணிக்கொரு அலாரம் வைத்தேன். அலாரம் எழுப்பினால் கோபம் என்மேல் வராது.

இருமுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தையல் பிய்ந்துவிடும் என்ற பயத்தில் எல்லோரும் இருமலை அடக்குவார்கள். தையல் பிய்யாது, ஆனால் தாங்கல் வேண்டும். கொண்டுபோன சின்னத் தலையணையைக் காயத்தின் பக்கம் வைத்து, அவர் கையாலேயே இறுக அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் நாட்களில் உங்கள் உள்ளங்கையையும் முதுகுப்பக்கம் விரித்துத் தாங்குங்கள். டியூப் இருக்கும் இடத்தை மட்டும் அழுத்தாதீர்கள். மூச்சை நன்றாக இழுத்து, வாயை அகலத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவோமே, அப்படி "ஹா... ஹா..." என்று இரண்டு தடவை. அதில் சளி மேலே கிளம்பும். பிறகு ஒரே ஒரு அழுத்தமான இருமல். தொண்டையில் செருமுவது இருமல் ஆகாது. முதல் சில நாள் சளியில் பழுப்பாகப் பழைய ரத்தம் கலந்து வரலாம். புதிதாகச் சிவப்பு ரத்தம் வந்தால் எச்சில் டப்பாவை அப்படியே எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

வலியைச் சொல்லவைப்பது

நம் பெண்களுக்கு வலியைச் சொல்வதே குறைச்சல் மாதிரி. "பரவாயில்லீங்க" என்பாள், நெற்றி வியர்த்திருக்கும். வலி இருந்தால் ஆழமாக மூச்சு இழுக்க முடியாது, இழுக்காவிட்டால் சளி கட்டும். அதனால் வலி மருந்தும் சிகிச்சையில் பாதி. 0 முதல் 10க்குள் எவ்வளவு என்று கேட்பார்கள். படுத்திருக்கும்போது எவ்வளவு என்பதைவிட இருமும்போது எவ்வளவு என்பதைச் சொல்லவையுங்கள். பிசியோ வரும் நேரத்துக்கு அரை மணி முன்பே வலி மருந்து கிடைக்க முடியுமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள். முதுகில் மருந்துக் குழாய் இருக்கும்வரை கால் மரத்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் நிற்கவைக்க வேண்டும்.

வெட்டுக்காயத்தின் வலி அடங்கிய பிறகு வேறொரு வலி வரும். விலாவோரம், மார்புக்குக் கீழே, மரத்தது மாதிரியும் எரிகிற மாதிரியும், துணி உரசினாலே சுரீர் என்றும் இருக்கும். விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்பு பட்ட பாடு அது. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். அதற்குத் தனி மருந்து உண்டு, டாக்டரிடம் சொன்னால் எழுதித் தருவார்.

எழுப்புவது, நடத்துவது, தலை சீவுவது

எழுப்பும்போது ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். அவர் ஒருக்களித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கீழ்ப்பக்க முழங்கையை ஊன்றி எழட்டும். நீங்கள் முதுகைத் தாங்கினால் போதும். உட்கார்ந்ததும் இரண்டு நிமிஷம் அப்படியே இருக்கட்டும், தலை சுற்றல் அடங்கியபின் நிற்கலாம்.

பெரும்பாலும் மறுநாளே நாற்காலியில் உட்காரவைத்து, கொஞ்சம் நடத்துவார்கள். எங்கள் முதல் நடை கட்டிலிலிருந்து ஜன்னல் வரை, 12 அடி. நான்காம் நாள் காரிடார் கடைசி வரை போய் வந்தோம். ஒரு கையில் பாட்டிலைத் தாழ்த்திப் பிடித்து டியூப் இருக்கும் பக்கமாக நடங்கள். விரலில் ஆக்சிஜன் கருவி இருந்தால், எத்தனைக்குக் கீழே இறங்கினால் உட்காரவைக்க வேண்டும் என்று டாக்டரிடம் எண்ணாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள், காலில் ரத்தம் உறையாமல் இருக்க.

முதுகோரத்துத் தசையை விலக்கித்தான் விலாவைத் திறக்கிறார்கள். அதனால் அந்தப் பக்கத் தோளை அசைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்வார்கள். விட்டால் தோள் இறுகிப்போகும், பிறகு கையைத் தூக்கவே மாதங்கள் ஆகும். எங்கள் பிசியோ சொன்னது ஒரே வாக்கியம்: "நீங்க தலை சீவி விடாதீங்க, சீப்பை அவங்க கையில குடுங்க." இடது கையில் கொடுத்தேன். முதலில் காதுவரைதான் போனது. ஐந்து நாளில் உச்சிவகிடு வரை. சுவரில் விரலால் எறும்பு ஏறுவது மாதிரி மேலே மேலே ஊர்ந்து, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுவது இன்னொரு பயிற்சி. டிஸ்சார்ஜ் ஆனபிறகும் மாமியார் வீட்டுச் சமையலறைச் சுவரில் அந்தக் கோடுகள் ஏறிக்கொண்டே போயின. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்த் தானே பின்னல் போட ஆறு வாரம் ஆயிற்று.

சாப்பாடு

நிமிர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், முடித்தபின் அரை மணியாவது சாயக்கூடாது. வயிறு முட்டினால் மூச்சு வாங்கும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. தயிர் சளி கட்டும், முட்டை சீழ் பிடிக்கும், வாழைப்பழம் குளிர்ச்சி என்று பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ஒன்றைத் தடுப்பார்கள். கேட்டுக் கேட்டு மூன்று நாள் வெறும் ரசம் சாதமும் பிரெட்டுமாக ஓட்டினோம். டயட்டீஷியன் வந்து பார்த்துவிட்டு, காயம் ஆறப் புரதம் வேண்டாமா என்று கேட்டுத் தினம் இரண்டு முட்டை, பருப்பு, மோர் எல்லாம் எழுதிக்கொடுத்தார். உங்களுக்கும் டயட்டீஷியனிடம் எழுதி வாங்குங்கள். எழுதிய தாளைக் கட்டிலில் ஒட்டிவிட்டால் யாரும் வாதாட மாட்டார்கள். வலி மருந்தில் மலச்சிக்கல் வரும், முக்கினால் காயம் வலிக்கும். இரண்டு நாள் போகவில்லை என்றாலே சிரப் கேட்டு வாங்குங்கள்.

ராத்திரியும் விருந்தாளிகளும்

ராத்திரி தலைப்பக்கம் உயர்ந்தே இருக்கட்டும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இதயம் திடீரென்று படபடவென்று தாறுமாறாக அடிக்கும். இந்த ஆபரேஷனுக்குப் பின் அடிக்கடி பார்ப்பதுதான், மருந்தில் அடங்கும், ஆனால் உடனே சொல்ல வேண்டும். வயசானவர்களுக்கு ராத்திரியில் இடம் புரியாமல் பேச்சு மாறலாம். டியூப்பைப் பிடுங்கப் பார்ப்பார்கள். திட்டாதீர்கள். விளக்கைப் போட்டு, கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிட்டு, இது ஆஸ்பத்திரி, மணி இத்தனை, நான் இன்னார் என்று நிதானமாகச் சொல்லுங்கள். சிஸ்டருக்கும் தெரியப்படுத்துங்கள்.

பார்க்க வருகிறவர்களை வார்டுக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். சளி, தும்மல் உள்ளவர்கள் வர வேண்டாம் என்று முன்பே போனில் சொல்லிவிடலாம். யார் வந்தாலும் ஐந்து நிமிஷம். அவருக்குப் பேசப் பேச மூச்சு வாங்கும். வந்தவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் நீங்கள் வெளியே நின்று பதில் சொல்லுங்கள். எங்கள் பெரியப்பா ஒருவருக்கு வருத்தம்தான். பிறகு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

நீங்களும் தூங்க வேண்டும். இரண்டு ராத்திரி தூங்காதவர் மூன்றாம் நாள் டாக்டர் சொல்வதை அரைகுறையாகத்தான் கேட்பார். ரவுண்ட்ஸ் நேரத்தில் கட்டிலருகே இருங்கள், கேட்க வேண்டியதை முன்னாடியே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வரிசையாகக் கேளுங்கள், பதிலையும் எழுதுங்கள்.

டியூப் எடுக்கும் நாள்

காற்றுக் கசிவு நின்று, நீர் குறைந்து, எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருப்பது தெரிந்தால் எடுப்பார்கள். எங்களுக்கு ஒன்று ஐந்தாம் நாள், இன்னொன்று எட்டாம் நாள். முன்பே வலி மருந்து கேளுங்கள். மூச்சை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி, பிடித்திருக்கும்போது இழுப்பார். சில விநாடிதான். இழுத்த கையோடு முன்பே போட்டிருக்கும் தையலை இறுக்கிக் கட்டிவிடுவார்கள். பிறகு ஒரு எக்ஸ்ரே. அதற்கப்புறம் மூச்சு வாங்கினாலோ, கழுத்துப்பக்கம் உப்பி, தொட்டால் பொரியை அழுத்துவது மாதிரி நெறுநெறுவென்று இருந்தாலோ உடனே சொல்லுங்கள். தோலுக்கடியில் காற்று சேர்கிறது என்று அர்த்தம்.

வீட்டுக்கு

டிஸ்சார்ஜ் அன்று அவசரப்படாதீர்கள். டியூப் போட்ட இடத்துத் தையல் எந்தத் தேதியில் பிரிப்பது, எடுத்த சதையின் பயாப்சி ரிப்போர்ட் எப்போது வரும், யாரிடம் வாங்குவது, எந்த மாத்திரை எத்தனை நாள், ராத்திரி ஏதாவது என்றால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது. இவை எழுத்தில் கிடைக்கும்வரை கட்டிலை விட்டு நகர வேண்டாம். காரில் முன் சீட்டில், நெஞ்சுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே அதே தலையணை. ஸ்பீட் பிரேக்கர் வருகிறது என்று முன்கூட்டியே சொன்னால் அவர் பிடித்துக்கொள்வார்.

வீட்டில் முதல் எதிரி புகையும் தூசியும். ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், விறகடுப்பு, பக்கத்தில் நின்று பீடி குடிப்பவர். மிளகாய் வறுக்கும் நெடியில் வரும் இருமல் காயத்தைக் கிழிப்பது மாதிரி வலிக்கும், தாளிக்கும்போது அவர் வேறு அறையில் இருக்கட்டும். எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்குடோன், நாள் முழுதும் பஞ்சு பறக்கும். டாக்டரிடம் சொன்னதும் இரண்டு மாதமாவது வேறிடத்தில் வைக்கச் சொன்னார். மாமியார் வீட்டில் இருந்தாள், நான் தினம் வேலை முடிந்து போய் வந்தேன்.

தண்ணீர்க் குடம், சிலிண்டர், குழந்தை எதையும் 6 முதல் 8 வாரம் தூக்கக்கூடாது என்றார்கள். டூவீலரில் பின்னால் உட்காருவதற்கும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். பந்துக் கருவியும் நடையும் வீட்டிலும் தொடர வேண்டும். கிராமத்தில் இருப்பவர்கள் 2021இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வர வழி உண்டா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளை எப்போது போடலாம் என்று கேளுங்கள். தாம்பத்தியத்தைப் பற்றியும் வெட்கப்படாமல் கேளுங்கள், அவர்களுக்கு அது தினமும் வரும் கேள்விதான்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினால், நெஞ்சு சுரீரென்று வலித்தால், வாயில் ரத்தம் வந்தால், உதடு நீலம் பூத்தால் 108. காய்ச்சல் 100.4க்கு மேல் போனால், காயத்தில் சீழ் கசிந்தால், சளி மஞ்சளாக நாறினால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே டாக்டர்.

முதல் ரெவ்யூவுக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட், ஆபரேஷனுக்கு முந்தைய சி.டி. ஸ்கேன், உங்கள் நோட்டு நான்கையும் எடுத்துப் போங்கள். பழைய காசநோய் உள்ளவர்கள், எடுத்த சதையைக் கிருமிப் பரிசோதனைக்கும் அனுப்பினார்களா, அதன் கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததா என்று தனியாகக் கேளுங்கள். கல்ச்சர் வர வாரக்கணக்கில் ஆகும். எங்களுக்கு ஆறாவது வாரம்தான் வந்தது. கிருமி இல்லை என்று இருந்தது. சமையலறைச் சுவரின் கடைசிக் கோட்டையும் அந்த வாரம்தான் போட்டோம்.